துரை கொடுத்த ஆறு பெரிய காசு: வெள்ளியா, வெறும் நிக்கலா?

பொகவந்தலாவை_லயம்
எல்லாருக்கும் வணக்கம். இங்க எழுதுறது இதுதான் முதல் தடவை.

எங்க தாத்தா தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவுல சமையல், வீட்டு வேலை பார்க்கிற அப்புவா இருந்தவர். தோட்டங்களை 1975ல அரசாங்கம் எடுத்தப்ப இருந்த துரை, ஊருக்குக் கிளம்பும்போது தாத்தாவுக்கு ஒரு பிஸ்கட் டின் நிறைய சில்லறைச் சாமான் கொடுத்துட்டுப் போனாராம். அதுல ஆறு பெரிய காசு. உள்ளங்கையை மூடுற அளவு. அப்பாயி கடைசி வரைக்கும் "துரைக் காசு"ன்னுதான் சொல்லும். போன மாசம் அப்பாயி தவறிருச்சு. டின் இப்ப என்கிட்ட.

ஒண்ணு 1935, ஒண்ணு 1937, ஒண்ணு 1951, ஒண்ணு 1953, ஒண்ணுல சேர்ச்சில் தலை. ஆறாவது இலங்கைக் காசு, 1957, அஞ்சு ரூபா, சுத்திவர விலங்கு உருவம்.

டவுனுக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் ஒவ்வொண்ணா தராசுல வச்சார். ஆறும் ஏறக்குறைய ஒரே நிறை, 28 கிராமும் கொஞ்சமும். "ஒரே நிறைன்னா ஒரே உலோகம் தம்பி, எல்லாம் கலப்பு, வெள்ளி கிடையாது. மொத்தமா ஒரு விலை தாரேன்"ன்னார். அம்மாவுக்கு வீட்டுக் கூரைத் தகரம் மாத்த வேணும், அதனால கொடுக்கலாம்னு யோசிக்கிறாங்க. எனக்கு மனசு வரல. அவர் சொன்னது சரியா?

பண்டாரவளை_மாஸ்டர்
தம்பி, முதலில் அப்பாயிக்கு என் அஞ்சலி. இரண்டாவது, இன்னும் ஒரு கிழமைக்கு எந்தக் கடைக்கும் போக வேண்டாம்.

அந்தக் கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. நிறை ஒன்றுதான். அதிலிருந்து உலோகமும் ஒன்று என்று முடிவு கட்டியதுதான் தவறு. பிரித்தானியாவில் 1816ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு டிராய் இறாத்தல் (ஏறக்குறைய 373 கிராம்) ஸ்டேர்லிங் வெள்ளியிலிருந்து 66 சிலிங் அடிக்க வேண்டும் என்று வைத்தது. இலங்கைக் காசு தவிர உங்கள் மற்ற ஐந்தும் கிரவுண் என்ற பிரித்தானியக் காசு. ஒரு கிரவுண் என்றால் ஐந்து சிலிங். கணக்குப் போட்டால் 28.28 கிராம் வரும். பிறகு வெள்ளியைக் குறைத்தபோதும், அடியோடு எடுத்தபோதும், அந்த நிறையையும் 38 மில்லிமீற்றருக்குச் சற்று மேலான விட்டத்தையும் அவர்கள் மாற்றவில்லை.

1919 வரை 1000க்கு 925 பங்கு வெள்ளி. 1920இலிருந்து 500. போர் முடிந்ததும் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அதனால் 1947இலிருந்து காசில் வெள்ளியே இல்லை. முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல்.

ஆகவே உங்கள் டின்னில் 1935உம் 1937உம் பாதி வெள்ளி. 1951, 1953, சேர்ச்சில் (அது 1965) மூன்றும் செப்பு நிக்கல். ஐந்து ரூபாவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். முதலில் அதன் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் வெளிச்சத்தில் படம் பிடித்துப் போடுங்கள். கையால் தேய்க்க வேண்டாம்.

நானுஓயா_ஸ்டேஷன்
மாஸ்டர் சொன்னா சரிதான். தம்பிக்கு என்னோட யோசனை: செப்பு நிக்கல் மூணையும் கொடுத்துரு. சேர்ச்சில் காசு கிட்டத்தட்ட ரெண்டு கோடி அடிச்சாங்க. இங்கிலாந்துலயே அதை வாங்க ஆள் இல்லை. நான் பதினஞ்சு வருசமா சேர்க்கிறேன், வெள்ளி தவிர வேற எதுவும் என் பெட்டிக்குள்ள போகாது. வெள்ளின்னா எந்த நாளும் அதுக்குள்ள ஒரு பெறுமதி உட்கார்ந்திருக்கும். நிக்கலுக்கு அது இல்லை.

பொகவந்தலாவை_லயம்
படம் போட்டிருக்கேன். சேர்ச்சில் காசுல எத்தனை ரூபா, எத்தனை சிலிங்னு எங்கயும் எழுதல. அம்மா அதைப் பதக்கம்னு சொல்றாங்க. இது காசுதானா?

அப்புறம் அஞ்சு ரூபா ஒரு பக்கம் கறுத்துப்போய் நீலமும் ஊதாவுமா இருக்கு. நாளைக்கு அம்மா எல்லாத்தையும் புளி போட்டு விளக்கித் தரேன்னாங்க.

தலவாக்கலை_அக்கா
தம்பி! புளி வேண்டாம்! அம்மாவை இப்பவே நிறுத்துங்க.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். எங்க அம்மாச்சிக்கு ஒரு காசு மாலை இருந்துச்சு. பழைய இந்திய வெள்ளி ரூபா பதினொண்ணு, ராணி தலையும் ராஜா தலையும். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் குத்துவிளக்கோட சேர்த்து அதையும் விபூதி வச்சுத் தேய்ப்பாங்க. பளபளன்னு ஜொலிக்கும். அம்பது அறுபது பொங்கல் அப்படிப் போச்சு. என் கைக்கு வரும்போது ராணிக்கு மூக்கு இல்லை, கண் இல்லை, கிரீடம் ஒரு மேடா மட்டும் இருக்கு. எல்லாம் பாசத்தோட செஞ்சதுதான். ஆனா விபூதி சாம்பல், அது உலோகத்தை அரைக்கும். ஒவ்வொரு தேய்ப்புலயும் கண்ணுக்குத் தெரியாம ஒரு படை போகும். மாலை கோர்க்கக் காசுல பத்த வச்ச வளையத்தோட தடம் வேற. அதை இப்ப யாரும் காசுன்னு வாங்க மாட்டாங்க. நான் விக்கப் போறதும் இல்லை.

நீலம், ஊதா வந்திருக்குன்னா அது அழுக்கு இல்லை. வெள்ளி காத்துல இருக்கிற கந்தகத்தோட சேர்ந்தா மேல மெல்லிசாப் படர்ற தோல் அது. அடுப்புப் புகை, கம்பளி, ரப்பர் வளையம், பழைய அட்டைப்பெட்டி எல்லாத்துலயும் கந்தகம் உண்டு. லயத்துல விறகடுப்புக்குப் பக்கத்து இறாக்கையில இருந்த டின்னுன்னா சொல்லவே வேணாம். சேர்க்கிறவங்க அந்த நிறத்துக்குக் கூடக் காசு கொடுப்பாங்க.

பண்டாரவளை_மாஸ்டர்
அக்கா சொன்னதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. அந்த நிறமே ஒரு துப்பு. செப்பு நிக்கல் அப்படி நீலமும் ஊதாவுமாகப் படர்வது அரிது. அது மங்கிச் சாம்பல் பூத்தாற்போல நிற்கும்.

தம்பி, சேர்ச்சில் காசு பதக்கமல்ல. ஐந்து சிலிங் நாணயம்தான். பெறுமதி போடவில்லை. ஆண்டும் மகாராணி பக்கத்தில்தான் இருக்கிறது. 1972, 1977, 1981 பெரிய காசுகளிலும் பெறுமதி எழுதவில்லை. மலையகத்தில் பல வீடுகளில் இவை பதக்கம் என்ற பெயரில் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கப்பட்டு, குசினி வாசலில் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது ஐந்து ரூபா. புத்த ஜயந்தி 2500ஆவது ஆண்டை நினைத்து 1957 திகதியோடு வெளிவந்த காசு. 28.28 கிராம், வெள்ளி 1000க்கு 925. அதாவது தனி வெள்ளி மட்டும் 26 கிராமுக்கு மேல். உங்கள் 1935, 1937 கிரவுண்களில் இருப்பது 14 கிராம் சொச்சம்தான். பிரித்தானியா தன் காசிலிருந்து வெள்ளியை எடுத்துப் பத்து ஆண்டு கழித்து, சுதந்திரம் பெற்ற சிறிய இலங்கை பழைய கிரவுணின் நிறையில், பழைய தரத்தில், ஒரு காசு வெளியிட்டது. எத்தனை தடவை எண்ணினாலும் எனக்கு அது வியப்பாகத்தான் இருக்கிறது.

அடித்தது 500,000. 1962இல் அதில் 258,000 உருக்குவதற்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மிஞ்சியது பாதிக்கும் குறைவு.

பத்தர்_கண்டி
வணக்கம். நான் நகைப் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்பவன். நாணயம் சேர்ப்பவன் அல்ல, ஆனால் உலோகம் தெரியும்.

தம்பி, யாராவது உரைகல்லில் உரசிப் பார்க்கிறேன், அரத்தால் ஒரு கீறல் போடுகிறேன் என்றால் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். உரசாமல் பார்க்க வழி இருக்கிறது.

கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு வேண்டும். இப்போது மலிவாக வருகிறது. காசை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் முக்கால்வாசித் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்துச் சைபர் ஆக்குங்கள். காசை மெல்லிய தங்கூசி நூலில் (தூண்டிலுக்குப் போடும் நைலான் நூல்) சுருக்குப் போட்டு, முழுதும் தண்ணீருக்குள் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது. நூல் உங்கள் கையில். அப்போது தராசு காட்டுகிற எண்தான் காசு ஒதுக்கிய தண்ணீரின் நிறை. காசின் நிறையை அந்த எண்ணால் வகுங்கள்.

925 வெள்ளி என்றால் 10.3 சுற்றி வரும். பாதி வெள்ளி என்றால் 9.5, 9.6. செப்பு நிக்கல் என்றால் 8.9. காசில் நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும், அதனால் மெதுவாக இறக்குங்கள். பருத்தி நூல் தண்ணீர் குடிக்கும், அது வேண்டாம். முடிந்ததும் துடைக்காமல் மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள்.

இந்த ஆறும் ஒரே நிறை. ஆனால் வெள்ளி அடர்த்தி கூடியது, அதனால் வெள்ளிக் காசு கொஞ்சம் மெல்லிசாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

நானுஓயா_ஸ்டேஷன்
பத்தரய்யா சொன்ன தண்ணி முறை எனக்கு நாலு வருசத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு பழைய சாமான் கடையில பிரித்தானிய வர்த்தக டொலர் ஒண்ணு வாங்கினேன். முன்னாடி திரிசூலம் பிடிச்சு நிக்கிற பிரித்தானியாங்கிற பெண் உருவம், பின்னாடி சீன எழுத்தும் மலாய்க்காரரோட ஜாவி எழுத்தும். ஒரு மாசச் சம்பளத்துல பாதி போச்சு. அது 26.95 கிராம் இருக்கணும், 900 வெள்ளி. வீட்டுக்கு வந்து நிறுத்தா 22 கிராம் கூட இல்லை. காந்தத்தைக் கிட்ட கொண்டு போனேன், ஒட்டிக்கிச்சு. இரும்புக்கு வெள்ளிப் பூச்சு. திருப்பிக் கொண்டு போனா, "நான் வெள்ளின்னு சொல்லவே இல்லையே"ன்னாங்க.

அதுக்கப்புறம் நிறை, விட்டம், காந்தம் மூணும் பார்க்காம நான் எதையும் கையில எடுக்கிறதில்லை. காந்தம் ஒட்டலைங்கிறதால மட்டும் நல்லதுன்னு நம்பிறாதீங்க, பித்தளையும் ஈயமும் ஒட்டாது.

கூடலூர்வாசி
நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பம், தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் மஸ்கெலியாவிலிருந்து இங்கே வந்தது. இந்த இழையைப் படிக்கும்போது தேயிலை மணம் வருகிறது.

அப்பா இங்கு வந்து சேர்ந்த முதல் வருடங்களில் காந்தி பத்து ரூபாய் ஒன்று எடுத்து வைத்தார். காந்தி நூற்றாண்டுக்கு 1969ல் வந்தது. 15 கிராம், 800 வெள்ளி. கிரவுண் அளவு இல்லை, 34 மில்லிமீட்டர்தான், ஆனாலும் கையில் பெரிய காசு. உறவுக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் போனபோதெல்லாம் ஆளுக்கு ஒன்று கொண்டு போனார்கள். அதனால் தம்பி, பொகவந்தலாவைப் பக்கம் யார் வீட்டிலாவது காந்தி காசு கண்டால் அது எங்கள் ஆட்கள் கொண்டு வந்ததாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

நிக்கல் விஷயத்தில் நானுஓயா அண்ணனோடு எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளே இருக்கிற உலோகத்துக்காக மட்டும் வைத்துக்கொள்வது என்றால் வெள்ளிக் கட்டியே வாங்கலாமே? காசு எதற்கு?

நானுஓயா_ஸ்டேஷன்
கூடலூர் அண்ணே, கேள்வி நியாயம்தான். ஆனா நான் சம்பளக்காரன். நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா வெள்ளியைக் கொடுத்துக் காசாக்கலாம். நிக்கலைக் கொடுத்தா டீ குடிக்கலாம். சேர்க்கிறதுல இந்தப் பயமும் ஒரு பகுதி, அதை மறைக்க முடியாது.

பண்டாரவளை_மாஸ்டர்
உங்கள் பயம் எனக்குப் புரிகிறது தம்பி. நான் சேர்க்கத் தொடங்கியபோது என் சம்பளத்தில் வெள்ளி வாங்க வழியே இருக்கவில்லை. செப்பு நிக்கல்தான் எனக்கு வாசலைத் திறந்தது. அதனால் அதன் பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன்.

1951 காசை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வெள்ளிக் கிரவுண் 1551இல் ஆறாம் எட்வர்ட் காலத்தில் வந்தது. அதற்கு நானூறாம் ஆண்டு. இலண்டனில் 1851இல் நடந்த பெரும் கண்காட்சிக்கு நூறாம் ஆண்டும் அதுதான். முன்பக்கம் ஆறாம் ஜோர்ஜ். பின்பக்கம் குதிரையில் ஏறி டிராகனைக் குத்தும் புனித ஜோர்ஜ். இத்தாலியரான பிஸ்துருச்சி 1818ஆம் ஆண்டுக் கிரவுணுக்குச் செய்த அதே உருவம். விளிம்பில் இலத்தீன் மொழியில் ஒரு வரி ஓடுகிறது: குடிமக்களின் உழைப்பால் நாடு செழிக்கிறது என்று. தேயிலை மலையில் பங்களாக் குசினியில் வேலை செய்த ஒருவரின் டின்னுக்குள் அந்த வரி இத்தனை வருடம் யாரும் வாசிக்காமல் கிடந்திருக்கிறது. இந்தக் காசை வெறும் நிக்கல் என்று என்னால் சொல்ல முடியாது.

1935 காசின் பின்புறத்தையும் பாருங்கள். அதே புனித ஜோர்ஜ், ஆனால் பேர்சி மெற்காஃப் செய்த உருவம். குதிரை மரப்பொம்மை போல விறைத்து நிற்கும். வெளிவந்த காலத்தில் அதை ஆடுகுதிரை என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கும். 1951இல் மறுபடி பழைய உருவத்துக்கே போனார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது, உங்கள் டின்னில் கிடைத்திருக்கிறது.

1953இல் மகாராணி குதிரை மேல். கிட்டத்தட்ட 60 இலட்சம் அடித்தார்கள், அரிது இல்லை. 1937 அதற்கு நேர் எதிர், 418,699 மட்டும்.

இன்னொன்று. இந்தக் கிரவுண்கள் எதுவும் இலங்கையில் புழங்கிய காசு அல்ல. இங்கு 1872இலிருந்தே ரூபாவும் சதமும்தான் கணக்கு. எனவே ஒவ்வொரு கிரவுணையும் யாரோ ஒருவர் வேண்டுமென்றே பெட்டியில் வைத்துக் கப்பலேற்றிக் கொண்டு வந்திருக்க வேண்டும்.

தலவாக்கலை_அக்கா
மாஸ்டர் எழுதினதைப் படிச்சுட்டு எழுந்து போய் என் 1951ஐ எடுத்து விளிம்பைப் பார்த்தேன். இருபது வருசமா வச்சிருக்கேன், ஒரு நாளும் வாசிச்சதில்லை.

தம்பிக்கு வைக்கிற முறையும் சொல்லணும். நம்ம பக்கத்துல மழையும் மூடுபனியும் அதிகம். அந்த ஈரம்தான் எதிரி. நான் முதல்ல மெத்தென்ற பிளாஸ்டிக் உறை உள்ள அல்பத்துல போட்டேன். ரெண்டு மழைக்காலம் போனதும் காசு மேல பச்சையா பிசுபிசுன்னு ஒரு படிவு. பீவீசி பிளாஸ்டிக் நாளாக நாளாகச் சிதைஞ்சு அமிலம் விடும், அது காசுல இருக்கிற செம்பைத் தின்னும். செப்பு நிக்கல் காசு நாலு கெட்டுப்போச்சு. கலப்பில்லாத அசிற்றோன்ல ஊற வச்சுப் பச்சை போச்சு, அடியில பள்ளம் மட்டும் நின்னுருச்சு.

கெட்டியான மைலார் உறை (பீவீசி இல்லாத பிளாஸ்டிக்), இல்லாட்டி வட்டமான அக்ரிலிக் கூடு வாங்குங்க. டப்பாவுக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போடுங்க, மாசம் ஒரு தடவை நல்லா சூடு காட்டிக் காய வச்சு எடுங்க. பேப்பர் சுத்தி வைக்காதீங்க. அடுப்பங்கரையில வேண்டவே வேண்டாம்.

பொகவந்தலாவை_லயம்
எல்லாருக்கும் நன்றி. அம்மா புளியைத் திருப்பி வச்சுட்டாங்க.

தராசு பக்கத்து லயத்து அண்ணன்கிட்ட இரவல் வாங்கினேன், அவர் வாசனைச் சாமான் நிறுத்து விக்கிறவர். தங்கூசி கிடைச்சுது. நேத்து ராத்திரி நானும் தங்கச்சியும் உட்கார்ந்து ஆறையும் பார்த்தோம். ஒவ்வொண்ணும் மூணு தடவை.

அஞ்சு ரூபா 28.24 கிராம், தண்ணியில 2.73. வகுத்தா 10.34.
1935 காசு 28.19, தண்ணியில 2.95. வகுத்தா 9.56. 1937ம் கிட்டத்தட்ட அதேதான்.
சேர்ச்சில் 28.27, தண்ணியில 3.16. வகுத்தா 8.95. 1951, 1953 ரெண்டும் அதைச் சுத்தியே நிக்குது.

தங்கச்சி ஏழாம் ஆண்டு படிக்கிறா. 10.34 வந்ததும் அவ கத்தின சத்தத்துல பக்கத்து காம்பராக்காரங்க வந்துட்டாங்க. மாஸ்டர் சொன்ன எழுத்தையும் தேடினோம், 1951 விளிம்புல இருக்கு. 1953லயும் எழுத்து இருக்கு, அது என்ன?

பண்டாரவளை_மாஸ்டர்
அருமை! மூன்று தடவை பார்த்தது மிகச் சரி. தங்கச்சிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

1953 விளிம்பில் இருப்பது ஆங்கிலம். விசுவாசத்தோடும் உண்மையோடும் உம்மோடு நிற்பேன் என்ற பொருள். முடிசூட்டு விழாவில் பிரபுக்கள் மண்டியிட்டுச் செய்யும் சத்தியத்திலிருந்து எடுத்தது.

பத்தர்_கண்டி
கணக்குச் சரி. அந்த ஐந்து ரூபா நல்ல வெள்ளி. விற்க வேண்டி வந்தால் ஒரு கிராம் வெள்ளியின் அன்றைய விலையை முதலில் பார்த்து, 26ஆல் பெருக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். அதற்குக் கீழே யாரும் கேட்டால் பேச்சை நிறுத்திவிடலாம். 1935க்கும் 1937க்கும் 14ஆல் பெருக்குங்கள். அது அடிவிலைதான், சேர்ப்பவர் அதற்கு மேல் கொடுப்பார்.

நானுஓயா_ஸ்டேஷன்
தம்பி, கூரை முக்கியம். விக்க வேண்டிய கட்டாயம் வந்தா 1935ஐ நான் எடுத்துக்கிறேன். பத்தரய்யா சொன்ன அடிவிலைக்கு மேலயே தாரேன். அவசரம் இல்லை, யோசிச்சுச் சொல்லு.

பொகவந்தலாவை_லயம்
நன்றிண்ணே. அம்மாகிட்டப் பேசிட்டேன். 1935 உங்களுக்குத்தான், ஞாயித்துக்கிழமை நானுஓயாவுக்கே வந்து தாரேன். தகரத்துக்கு மிச்சக் காசு அடுத்த மாசக் கொழுந்துச் சம்பளத்துல பார்த்துக்கலாம்னு அம்மா சொல்லிட்டாங்க.

இன்னொரு விஷயம். முதல்ல நான் தப்பா எழுதிட்டேன். ஆறும் துரை கொடுத்ததுன்னுதான் நினைச்சிருந்தேன். தங்கச்சி அஞ்சு ரூபாவைத் தண்ணியிலிருந்து எடுத்து அம்மா கையில கொடுத்தப்ப, "இது துரை கொடுத்தது இல்லையேடி"ன்னாங்க. அது அப்பாயியோட காசாம். கல்யாணமான புதுசுல சம்பள நாள்ல கணக்கப்பிள்ளை எண்ணி வச்ச காசுல இது ஒண்ணு இருந்திருக்கு. அப்பாயி அதைச் செலவழிக்காம முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிச்சாம். அஞ்சு ரூபா அப்ப சின்னக் காசு இல்லை. பெரியப்பா கைக்குழந்தையா காய்ச்சல்ல கிடந்தப்பவும், அரிசிக்கு அல்லாடினப்பவும் தாத்தா கேட்டிருக்கார், கொடுக்கலையாம். ஏன்னு அம்மாவுக்கும் தெரியல. தாத்தா போனப்புறம்தான் டின்னுக்குள்ள போட்டிருக்கு.

மாஸ்டர், காசோட ஒரு குறிப்பு எழுதி வைக்கணும். என்ன பேப்பர்ல எழுதுறது? மை காசுல ஒட்டாதா?

பண்டாரவளை_மாஸ்டர்
அமிலம் இல்லாத தாள் என்று ஸ்டேஷனரிக் கடையில் கேளுங்கள், படம் ஒட்டும் அல்பத்துக்கு விற்பார்கள். பென்சிலால் எழுதுங்கள், மை வேண்டாம். காசோடு சேர்த்து வைக்காமல் உறைக்கு வெளியே, அதே டப்பாவுக்குள் வையுங்கள். அப்பாயியின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், எந்த வருடச் சம்பளம் என்று அம்மாவுக்கு நினைவிருக்கிற வரை. அம்மா சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். தங்கச்சி எழுதட்டும், கையெழுத்து இன்னும் நெடுநாளைக்கு அடையாளம் தெரியும்.

தலவாக்கலை_அக்கா
அந்த டின்னையும் தூக்கிப் போட்டுராதீங்க தம்பி. காசை மட்டும் வெளியில எடுங்க.